அம்மா வந்துபோன மோட்டார்

எங்கள் அப்பா சந்திரமௌலிக்கு எதையும் தூக்கிப் போட மனசு வராது. குடைக்குத் துணி மாற்றுவார், கம்பி மாற்றுவார், பிடி மாற்றுவார். குடையை மட்டும் மாற்ற மாட்டார். எதைக் காட்டிக் கேட்டாலும் “இன்னும் உழைக்கும்” என்பார். அம்மா இருந்தவரையில் அதற்கு எதிர்வார்த்தை பேசியதில்லை. நான் பேசுவேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. மயிலாப்பூர் தெற்கு மாடவீதியில் வசந்தி என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சேப்பாக்கத்தில், மராமத்து இலாகாவில், படம் வரைகிற உத்தியோகம் அப்பாவுக்கு. துரைமார் கணக்குப் போட்டுக் கொடுப்பார்கள். அப்பா அதைப் பாலமாகவும் மதகாகவும் காகிதத்தில் இழைப்பார். தாம் வரைந்த பாலங்களில் பாதியைக்கூட அவர் கண்ணால் பார்த்ததில்லை. குரலை உயர்த்த மாட்டார். குழம்பில் உப்பு இல்லாவிட்டாலும் சாப்பிட்டுக் கையலம்பிவிட்டுப் போய்விடுவார். அவரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று எங்கள் அண்ணாவே கேட்டான். ஒரு மோட்டார் இருக்கிறது. அதை எத்தனை நாள் வைத்துக்கொள்வது, எப்போது மாற்றுவது என்று எங்கள் வீட்டில் நடந்த கூத்து இருக்கிறது. அதில்தான் அப்பா எப்பேர்ப்பட்ட மனுஷர் என்று எனக்குத் தெரிந்தது.

1926-ல், அப்பா பென்ஷன் வாங்குகிற சமயத்தில், அவருடைய துரை சீமைக்குக் கப்பலேறினார். விலைபோகாமல் நின்ற தம்முடைய மோட்டாரை, நீயே வைத்துக்கொள் என்று ஏறக்குறையச் சும்மாவே அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனார். மேலே துணிக் கூரை, பக்கமெல்லாம் திறப்பு, உள்ளே மரச் சட்டம். ஹாரனை அமுக்கினால் எருமைக் கன்று கத்துகிற மாதிரி இருக்கும். மோட்டார் வைத்துக்கொள்கிற அந்தஸ்து நமக்கு எங்கே என்று அப்பா கூசினார். ஆனாலும் கொட்டகை போட்டார். ஓட்டுவதற்குப் பவுல்சாமியை வைத்துக்கொண்டார்.

பவுல்சாமி சாந்தோம் குப்பத்துக்காரன். அவன் அப்பனும் அண்ணன்மாரும் கடலுக்குப் போகிறவர்கள். இவனுக்கு மட்டும் அலையைத் தாண்டினால் குடலைப் புரட்டும். சரி, கரையிலேயே பிழைத்துக்கொள்கிறேன் என்று மோட்டார் ஓட்டக் கற்றுக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை பார்த்துவிட்டுத்தான் வண்டியைத் தொடுவான். எங்கள் வீட்டில் என்னிடம் பயப்படாத ஒரே ஆள் அவன்தான்.

அம்மா பெயர் தர்மாம்பாள். பவுல்சாமி பெரியம்மா என்று கூப்பிடுவான். அந்த மோட்டாரில் அம்மா ஏறினது உண்டு. அப்பா பக்கத்தில் உட்கார்ந்தது கிடையாது. அந்தக் காலத்தில் எங்கள் வீடுகளில் புருஷனும் பெண்டாட்டியும் திறந்த வண்டியில் ஜோடியாக உட்கார்ந்து மாடவீதியைச் சுற்றிவிட முடியுமா? ஊர் வாயை யார் மூடுவது? பெண்டுகள் பின்னால், பக்கத்துத் திரையை இறக்கிவிட்டுக்கொண்டு. அப்பா முன்னால், பவுல்சாமி பக்கத்தில். கோயிலுக்குப் போனாலும், தியாகராய நகரில் புதிதாக வீடு கட்டின உறவுக்காரர் கிருகப்பிரவேசத்துக்குப் போனாலும் இதே ஏற்பாடுதான். அம்மா அப்பாவின் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வருவாள். அப்படியே 1931 ஐப்பசி மழையில் ஜுரம் கண்டு போய்விட்டாள்.

அப்பா அழவில்லை. தூக்கம்தான் போய்விட்டது. நானும் என் வீட்டுக்காரரும் அவரோடு வந்து தங்கினோம். வைத்தியர் கஷாயம் கொடுத்தார், டாக்டர் மாத்திரை கொடுத்தார், நான் உச்சந்தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கண் உள்ளே போய், நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்ள ஆரம்பித்தார். அம்மா போன கையோடு இவரும் போய்விடுவார் என்றே நினைத்தேன்.

ஒரு நாள் சாயங்காலம், காற்று வாங்கிவிட்டாவது வரட்டும் என்று மோட்டாரில் ஏற்றி அனுப்பினேன். முன்னால் நிமிர்ந்து உட்காரத் தெம்பில்லை. பின் இருக்கையில் சாய்ந்துகொண்டார். மந்தைவெளி தாண்டி, அடையாற்றுப் பாலத்தின்மேல் ஏறி, எலியட்ஸ் கடற்கரைவரை போய்விட்டுத் திருப்பிக்கொண்டு வந்தான் பவுல்சாமி. வாசலில் வண்டி நின்றது, அப்பா இறங்கவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் வாயைத் திறந்துகொண்டு அயர்ந்து தூங்குகிறார். தோளைத் தொட்டு எழுப்பினேன். என்னை யாரோ போலப் பார்த்தார்.

“அம்மா வந்திருந்தா” என்றார். “வண்டியில. என் பக்கத்துல உட்கார்ந்துண்டு.”

அதற்குப் பிறகு தினம் சாயங்காலம் அதுவே வழக்கமாயிற்று. மந்தைவெளியில் கண் செருகும். பாலம் வருவதற்குள் அம்மா ஏறிக்கொள்வாள். எந்த இடத்தில் ஏறுகிறாள் என்று அவருக்கே தெரியாது. திரும்பிப் பார்த்தால் இருப்பாள், அவர் பார்த்தேயிராத ஒரு மாம்பழ நிறப் புடவையில். கனவில் மோட்டார் பாலத்தை விட்டு இறங்கி ஆற்றின் மேலேயே போகுமாம். சக்கரம் நனையாதாம். முகத்துவாரத்து நாரைகள் எழுந்து வழிவிட்டு, மறுபடி பின்னால் உட்கார்ந்துகொள்ளுமாம். ஊரூர்க் குப்பத்துப் பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்களாம். அம்மா அவர்களுக்குக் கை ஆட்டுவாளாம். சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் வெயில் பச்சையாகி, அம்மா முகமும் கையும் பச்சையாகி, கடல் சத்தம் எங்கேயோ அடுத்த தெருவில் கேட்கிற மாதிரி இருக்குமாம். வழி நெடுக அம்மா பேசிக்கொண்டே வருவாள். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. மாவடு போட்டாயிற்றா, வசந்தி இளைத்துவிட்டாளா, கொல்லைக் கிணற்று ராட்டினம் இன்னும் அழுகிறதா. உயிரோடு இருந்தபோது அப்பாவிடம் ஒரு மாசத்தில் பேசினதை அங்கே ஒரு சாயங்காலத்தில் பேசித் தீர்த்தாள்.

எனக்குப் பொறாமை. சொன்னால் என்ன வந்தது? பெற்ற பெண் நான். என் கனவில் அம்மா எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு நாள் நானும் வருகிறேன் என்று பிடிவாதமாகப் பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கு அப்பா கண்ணை மூடவேயில்லை. முள்மேல் உட்கார்ந்த மாதிரி நெளிந்துகொண்டு வந்தார். நான் உட்கார்ந்துவிட்டால் அவள் எங்கே உட்காருவாள், பாவம்? அப்புறம் நான் வாசலோடு நின்றுகொண்டேன். அவர் திரும்பி வந்ததும், இன்றைக்கு என்ன சொன்னாள், என்னைப் பற்றிக் கேட்டாளா என்று பிடுங்கி எடுப்பேன். அம்மா கேட்டாளோ இல்லையோ, கேட்டதாக அப்பா சொல்லுவார்.

ஆள் தேறினார். கன்னத்தில் கொஞ்சம் சதை வைத்தது. மோட்டார்தான் தேய்ந்தது. தினம் கடற்கரையில் போய் உப்புக் காற்றைக் குடித்துக்கொண்டு நின்றால் எந்த வண்டி தாங்கும்? துணிக் கூரை சல்லடையாயிற்று. ஒரு கதவைக் கயிற்றால் கட்டி வைத்திருந்தோம். அண்ணாவுக்குப் பெங்களூரில் பாங்கு வேலை. 1934-ல் லீவில் வந்தவன் கொட்டகைக்குள் போய் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான். ஐந்து வருஷத்துக்குமேல் ஒரு மோட்டாரை எவனாவது வைத்துக்கொள்வானா என்றான். எதிர்வீட்டு வக்கீல், ஓடுகிற காலத்திலேயே தள்ளிவிடுவதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தம் பங்குக்கு வந்து சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர், முதல் பெரிய ரிப்பேர் வருகிறவரை பார்க்கலாமே என்று நடுவில் ஒரு கட்சி கட்டினார். மோட்டாரே இல்லாதவர்கள்கூட எங்கள் மோட்டாருக்கு ஆயுசு கணித்தார்கள்.

கடைசியில் ராயப்பேட்டையில் மோட்டார் பட்டறை வைத்திருந்த அப்துல் கய்யூமை வரவழைத்தோம். அவர் வண்டிக்கு அடியில் படுத்துத் தட்டிப் பார்த்துவிட்டு, எழுந்து, கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார். இஞ்சினுக்கு ஒன்றும் இல்லையாம். மரச் சட்டம்தான் உளுத்துக்கொண்டு வருகிறதாம். இன்னொரு மழைக்குத் தாங்கலாம், தாங்காமலும் போகலாம். பெரியவரை அதில் உட்கார்த்தி அனுப்புவது தமக்குச் சரியாகப் படவில்லை என்றார்.

எல்லாரும் அப்பாவைப் பார்த்தோம். அப்பா கூரையைப் பார்த்தார். பார்க்கலாம் என்றார். அண்ணா குதித்தான், இந்த வீட்டில் எந்தச் சாமானுக்கும் சாவே கிடையாதா என்று கத்தினான். அப்பா எழுந்து உள்ளே போய்விட்டார். மத்தியானம் நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தபோது, டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்.

“வண்டி போனாப் போறது, வசந்தி. புதுசுல அவ வருவாளோ மாட்டாளோ. அதான்.”

அம்மாவை ஒரு தரம் பறிகொடுத்தாயிற்று. இன்னொரு தரம் நாமாகக் கொண்டுபோய் விட்டுவிட்டு வருவதா? நேரே அண்ணாவிடம் போய், மோட்டார் பேச்சை இன்னொரு தரம் எடுத்தால் உனக்கு இந்த ஆத்தில் காப்பி கிடையாது என்று சொன்னேன். அவன் முணுமுணுத்துக்கொண்டே ஊர் போய்ச் சேர்ந்தான். அந்த ஐப்பசி மழையை வண்டி எப்படியோ தாண்டிற்று.

இதெல்லாம் பவுல்சாமி காதில் விழாமல் இருக்குமா? அவனுக்கு ஐயா தூங்கவேண்டும், அவ்வளவுதான். தூங்குகிற ஐயாவைக் குழியில் இறக்காமல் கொண்டுபோய்க் கொண்டுவருவதில் அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது. மரம் உளுக்கிறது என்றுதானே கய்யூம் பாய் சொன்னார்? மரத்தை உப்பிலிருந்து காப்பாற்றத் தெரியாத வீட்டிலா அவன் பிறந்தான்? யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பங்குனி மாசத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், பூசை முடிந்த கையோடு, ஒரு பானை நிறையக் கொண்டுவந்து, சட்டம், அடிப்பலகை, இருக்கைக்குக் கீழே, கதவுக்கு உள்ளே என்று ஓர் இடம் விடாமல் பூசிவிட்டான். படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய்.

ஐயோ, அந்த நாற்றத்தை எப்படிச் சொல்வேன். வெயில் ஏற ஏறக் கொட்டகையிலிருந்து கிளம்பிக் கூடத்துக்கு வந்தது, சமையலுள்ளுக்கு வந்தது, பூஜை அறைக்குள்ளும் கேட்காமல் நுழைந்தது. அறுபத்துமூவர் உற்சவத்துக்கென்று வந்து தங்கியிருந்த உறவுக்காரர்கள், திடீரென்று ஆளுக்கு ஓர் அவசர வேலை ஞாபகம் வந்து மூட்டை கட்டினார்கள். மாடவீதிப் பூனைகள் அத்தனையும் எங்கள் வாசலில் பந்திக்குக் காத்திருக்கிற மாதிரி வரிசையாக உட்கார்ந்துவிட்டன. எதிர்வீட்டு வக்கீல் அங்கவஸ்திரத்தால் முகத்தை மூடிக்கொண்டு வந்து, கொல்லைப்பக்கம் ஏதாவது செத்துக் கிடக்கிறதா என்று விசாரித்தார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பவுல்சாமியைக் கூப்பிட்டு, நாங்கள் கோயிலுக்குப் போகிற வண்டியில் சுறாவைக் கரைத்துப் பூசியிருக்கிறாயே, உனக்கு மூளை கீளை இருக்கிறதா என்று தெருவே கேட்கக் கத்தினேன். அவன் என்னைப் பார்த்த பார்வையில், மூளை இல்லாதவள் நான்தான் என்று இருந்தது.

“இன்னாம்மா இப்பிடி கேக்கிறீங்க? எங்க தாத்தா போட்ட படகு, இதைப் பூசித்தான் இன்னிக்கும் ஓடிக்கினு கீது. வாசனை ஒரு மழையில பூடும். மரம் பூட்டா ஐயாவுக்குத் தூக்கம் ஏதும்மா?”

அதற்குமேல் அவனை என்ன திட்டுவது? போய்க் கழுவித் தொலை என்று மட்டும் சொன்னேன். சாம்பல் போட்டுத் தேய்த்தான், சீயக்காய் போட்டுத் தேய்த்தான், புளி போட்டுக்கூடத் தேய்த்தான். மரம் குடித்த எண்ணெயை மரம் திருப்பிக் கொடுக்குமா? சாயங்காலம் ஆனதும் அப்பா ஒன்றுமே நடவாதது மாதிரி ஏறி உட்கார்ந்து போய்விட்டார்.

திரும்பி வந்தபோது முகம் சரியாயில்லை. கைகால் கழுவிக்கொண்டு வந்து ஊஞ்சலில் உட்கார்ந்தார்; ஆட்டிக்கொள்ளவில்லை. நான் வழக்கம்போலப் பிடுங்கினேன். அம்மா வந்தாளாம். ஏறின உடனே புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டாளாம். நாரைகளைப் பார்க்கவில்லையாம், யாருக்கும் கை ஆட்டவில்லையாம். ஆற்றின்மேல் பாதி தூரம் பேசாமலே வந்துவிட்டு, பிறகு வாயைத் திறந்தாளாம்.

“‘ஏன்னா, இந்த வண்டியை இன்னும் எத்தனை நாள் வெச்சுண்டிருக்கப் போறேள்? என்னால முடியலை. வேற வாங்குங்கோ’ன்னா.”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. நல்லவேளை, காரணம் கையில் இருக்கிறதே என்று அவர் காலடியில் உட்கார்ந்து விளக்கினேன். அது அம்மா சொன்னதில்லை அப்பா, பவுல்சாமி பூசின எண்ணெய். தூக்கத்தில் உங்கள் மூக்கில் ஏறி, கனவில் அம்மா வாயால் பேசியிருக்கிறது. நாற்றம் போய்விட்டால் அம்மா பழையபடி மாவடுவைப் பற்றிக் கேட்பாள். இப்படிக் குழந்தைக்குச் சொல்கிற மாதிரி சொன்னேன். அப்பா பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

“எண்ணெய்ன்னு எனக்குத் தெரியாதாடி? ஆனா அவ கேட்டாளே. கல்யாணம் ஆன நாளா இது வேணும்னு எங்கிட்ட வாயைத் திறந்து ஒண்ணு கேட்டிருக்காளா? எண்ணெய் கேக்க வெச்சிருந்தாலும் கேட்டது அவதானே. மாட்டேன்னு எப்படிச் சொல்றது?”

“புதுசுல அம்மா வரலைன்னா?”

அப்பா ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்துக்கொண்டார்.

“அவளை மூக்கைப் பொத்திண்டு உட்கார வெச்சுட்டு நான் தூங்கறதா?” என்றார்.

ஒரு குடையை மாற்றாத மனுஷர், மறுநாள் காலை முதல் காப்பிக்கு முன்னால் கய்யூமுக்கு ஆள் அனுப்பினார். எத்தனை வருஷம் வைத்துக்கொள்வது, எப்போது தள்ளுவது என்று ஊரே போட்ட கணக்கெல்லாம் காற்றில் போயிற்று. பவுல்சாமி வந்து, தான் பூசினதால்தானே இப்படி ஆயிற்று என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றான். நீ பூசாவிட்டால் அவள் வாயையே திறந்திருக்க மாட்டாள் என்று அப்பா அவன் முதுகைத் தட்டினார். அந்த வார்த்தையில் பவுல்சாமிக்குச் சமாதானம் ஆயிற்றோ இல்லையோ, எனக்கு ஆகவில்லை. கொட்டகை காலியானபோது உள்ளே போய் நின்று அழுதேன்.

வந்த மோட்டார் ஒரு டாக்டர் வைத்திருந்தது. கறுப்பு நிறம், கெட்டிக் கூரை, நாலு பக்கமும் கண்ணாடி. உள்ளே உட்கார்ந்தால் மெத்தையில் படுத்த மாதிரி இருக்கும். ஓடுகிற சத்தமே கேட்காது. அம்மாவுக்கு இது பிடிக்கும் என்று அப்பா இருக்கையைத் தடவிப் பார்த்துக்கொண்டு சொன்னார். ஏறி, ஓர் ஓரமாக உட்கார்ந்து, பாதி இடத்தைக் காலியாக விட்டுவிட்டுப் போனார். விழித்தபடியே திரும்பி வந்தார்.

மறுநாளும் அப்படித்தான். அதற்கு அடுத்த நாளும். வாசலில் நான் ஒன்றும் கேட்கமாட்டேன். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். ஐயா கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டு வருகிறார், ரயிலடியில் ஆளைத் தேடுகிற மாதிரி இருக்கிறது என்று பவுல்சாமி என்னிடம் வந்து சொன்னான். பழைய வண்டி மாதிரி குலுங்கினால் தூக்கம் வருமோ என்று, அவனாகவே மேடும் பள்ளமுமான பாதையாகத் தேடிப் பார்த்து ஓட்டினான். மெத்தை குலுங்கவிடவில்லை. அப்பா மறுபடி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்க ஆரம்பித்தார். பொறுக்கமுடியாமல் நான் கய்யூமிடம் ஆள் அனுப்பி, பழைய வண்டியைத் திருப்பிக் கொடுக்கமுடியுமா என்று கேட்டேன். இஞ்சின் ஒரு லாரிக்குப் போய்விட்டது, மரத்தை விறகுக்குப் போட்டாயிற்று, மன்னிக்கவேண்டும் அம்மா என்று பதில் வந்தது. அப்பாவிடம் அதைச் சொன்னேன். நான் ஏன் கேட்டேன் என்று அவர் கோபித்துக்கொண்டார். எனக்குத் தெரிந்து அவர் என்னிடம் கோபித்துக்கொண்டது அந்த ஒரு தரம்தான். அவள் கேட்டதை வாங்கிக் கொடுத்துவிட்டு, திருப்பிப் பிடுங்கிக்கொள்வதா என்றார்.

கத்திரி வெயில் ஓய்ந்து, தென்மேற்கிலிருந்து மேகம் வர ஆரம்பித்த ஒரு சாயங்காலம். விளக்கேற்றியாயிற்று, மோட்டார் வரவில்லை. கோயில் மணி அடித்து ஓய்ந்தது, வரவில்லை. நான் உள்ளுக்கும் வாசலுக்குமாக நடந்தேன். கடைசியில் தெருக்கோடியில் விளக்கு தெரிந்தது. ஊர்வலம் மாதிரி ஊர்ந்து வந்தது வண்டி. பின்னால் ஒரு ஜட்காக்காரன் வழி கேட்டுத் திட்டிக்கொண்டே வந்தான். கையில் பையோடு நடந்து வந்த ஒரு மாமி மோட்டாரைத் தாண்டிக்கொண்டு போனாள். அப்பாவுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று எனக்குத் தோன்றிவிட்டது. வண்டி நிற்பதற்கு முன்னாலேயே பக்கத்தில் ஓடினேன். ஏன் இவ்வளவு நேரம், என்ன ஆச்சு என்று பவுல்சாமியைப் பிடித்துக்கொண்டேன்.

அவன் வாயில் விரலை வைத்தான்.

“சத்தம் போடாதீங்கம்மா. ஐயா மெதுவா ஓட்டச் சொல்லிக்கீறாரு. பெரியம்மா தூங்கிக்கினு கீறாங்களாம்.”

கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். அப்பா தம்முடைய ஓரத்தில், அசையாமல், விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் கண்ணாடியை இறக்கி, ரகசியம் பேசுகிற குரலில் சொன்னார். பாலத்தில் தமக்குக் கண் செருகிற்றாம். திரும்பிப் பார்த்தால் இருந்தாளாம். ஒரு வார்த்தை பேசவில்லையாம். இருக்கையைக் கையால் அமுக்கிப் பார்த்தாளாம், சாய்ந்தாளாம், தூங்கிவிட்டாளாம். ஆற்றின்மேல் போனது, நாரைகள் எழுந்தது, தோப்பில் வெயில் பச்சையானது ஒன்றும் அவளுக்குத் தெரியாதாம். அப்பா கனவு நெடுக முழித்துக்கொண்டு அவளைப் பார்த்துக்கொண்டே வந்தாராம். தமக்கு விழிப்புத் தட்டினபோதுகூட அவள் எழுந்திருக்கவில்லையாம்.

“அவ தூங்கி நான் பார்த்ததே இல்லை, வசந்தி” என்றார்.

நானும் பார்த்ததில்லை. எல்லாரும் படுத்தபிறகு படுத்து, எல்லாரும் எழுவதற்கு முன்னால் எழுந்து வாசல் தெளித்தவள். ஜுரத்தில் கிடந்தபோதுகூட, யார் உள்ளே வந்தாலும் கண்ணைத் திறந்து, சாப்பிட்டாயா என்று கேட்டவள். தூங்கும்போது அம்மா முகம் எப்படி இருக்கும் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. இப்போது அப்பாவுக்குத் தெரியும்.

அவரை இறக்குவதற்காகக் கதவுப் பிடியில் கை வைத்திருந்தேன். எடுத்துவிட்டேன். இன்னும் ஒரு தரம் கடற்கரைவரை போய்விட்டு வா என்று பவுல்சாமியிடம் மெல்லச் சொன்னேன்.